படைப்பைப் பார்ப்பதா, அது வைக்கப்பட்டிருக்கும் விதத்தைப் பார்ப்பதா? கொச்சி பினாலேயை முன்வைத்து ஒரு விவாதம்

கரைவழி எழுதியது:

வணக்கம். சமகாலக் கலைக் கண்காட்சிகளைப் பற்றித் தமிழில் வெளிவரும் குறிப்புகளில் கலைஞரின் வாழ்க்கையும் படைப்பின் கருப்பொருளும் விரிவாகப் பேசப்படுகின்றன. ஆனால் அந்தப் படைப்பு எத்தகைய அறையில், எவ்வளவு உயரத்தில், எந்த வெளிச்சத்தில், எதற்கு அடுத்ததாக வைக்கப்பட்டிருந்தது என்பதைப் பெரும்பாலானவர்கள் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். ஓவியமாக இருந்தால் அச்சிலோ திரையிலோ பார்த்து இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்துகொள்ளலாம்; ஓர் இடத்தையே படைப்பாக அமைக்கும் நிறுவல் கலைக்கு அந்த வழியும் இல்லை. அறையை நீக்கிவிட்டால் அதைப் பற்றிப் பேசுவதற்குப் பாதிதான் மிஞ்சும். ஆகவே காட்சிப்படுத்தலைப் பற்றி மட்டும் பேசுவதற்காக இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எடுத்துக்காட்டாகக் கேரளத்தின் ஈராண்டுச் சமகாலக் கலைக் கண்காட்சியான கொச்சி-முசிறிஸ் பினாலேயைக் கொள்ளலாம். நம்மில் பலர் ஒரு முறையாவது அங்கே சென்றிருப்போம். போஸ் கிருஷ்ணமாச்சாரியும் ரியாஸ் கோமுவும் தொடங்கிய இந்தக் கண்காட்சி, 2012 டிசம்பர் 12 அன்று முதன்முதலாகத் திறக்கப்பட்டது. பல பதிப்புகளில் அதன் முதன்மை இடமாக இருந்த ஆஸ்பின்வால் ஹவுஸ், ஃபோர்ட் கொச்சியில் நீரோரமாக அமைந்த பழைய வணிக வளாகம். மிளகும் இஞ்சியும் எண்ணெயும் கயிறும் ஏற்றுமதிக்காகக் காத்திருந்த பண்டகசாலைகளில்தான் அந்தப் பதிப்புகளில் நாம் கலையைப் பார்த்தோம்.

2016ஆம் ஆண்டுப் பதிப்பில் சிலி நாட்டுக் கவிஞர் ராவுல் சூரிட்டா அமைத்த 'வேதனைக் கடல்' என்னும் நிறுவலைப் பார்த்தவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். நீண்ட பண்டகசாலை ஒன்றின் தரை முழுவதும் கடல்நீர் கட்டப்பட்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, உடையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கணுக்காலுக்கு மேல் ஏறும் நீரில் இறங்கி நடக்க வேண்டும். பக்கச் சுவர்களில் கவிதை வரிகள் இடைவெளி விட்டு வைக்கப்பட்டிருந்தன. அறையின் மறுகோடிச் சுவரில், 2015இல் துருக்கிக் கடற்கரையில் உடல் ஒதுங்கிய சிறுவன் ஆலன் குர்தியின் அண்ணன் காலிப்பைப் பற்றிய வாசகம் இருந்தது. தம்பியின் படம் உலகமெங்கும் பரவியது. அதே படகு விபத்தில் மூழ்கிய அண்ணனுக்கு அப்படியொரு படம் இல்லை.

இந்த அறையில் காட்சிப்படுத்தல் என்ன செய்தது என்பதைக் கவனியுங்கள். நீரில் வேகமாக நடக்க முடியாது. ஆகவே கவிதையை எந்த வேகத்தில் வாசிப்பது என்பதை நம் கால்கள் தீர்மானித்தன. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் இருந்த தொலைவு, அச்சிட்ட பக்கத்தில் வெற்றிடம் செய்யும் வேலையைச் செய்தது. இறுதி வாசகம் வாசலிலிருந்து வாசிக்க எட்டாத தொலைவில் இருந்ததால், அதை அறிய விரும்புகிறவர் முழு நீளத்தையும் கடந்தாக வேண்டியிருந்தது. முன்னால் செல்கிறவர் எழுப்பும் சிற்றலை நம் காலில் வந்து மோதியது. இதே வாசகத்தைச் சட்டமிட்டு, உலர்ந்த தாழ்வாரத்தில் மாட்டியிருந்தால், அரை நிமிடத்தில் படித்துவிட்டு அடுத்த அறைக்குப் போயிருப்போம்.

முதல் பதிப்பில் விவான் சுந்தரம் அமைத்த 'கறுப்புத் தங்கம்' வேறொரு வகைக்கு எடுத்துக்காட்டு. கேரளத்தில் பட்டணம் என்னும் ஊரில் நடந்த அகழாய்வில் கிடைத்த மண்கலச் சில்லுகளைத் தரையில் ஒரு நகரம்போலப் பரப்பியிருந்தார். சங்கப் பாடல்கள் பேசும் முசிறி அந்தப் பட்டணம்தான் என்று கருதும் ஆய்வாளர்கள் பலர் உண்டு. மிளகுக்காக வந்தவர்களின் துறைமுகத்தில் உடைந்த கலங்களை, மிளகு அடைத்துவைத்த ஒரு வளாகத்தின் தரையிலேயே பார்க்கிறோம். பீடத்தின்மீது கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தால் அவை தொல்பொருள்களாக மட்டும் நின்றிருக்கும். தரையில் கிடந்ததால், மேலிருந்து ஒரு நிலப்பரப்பைப் பார்க்கும் கண் நமக்குக் கிடைத்தது.

நண்பர்களிடம் நான் கேட்க விரும்புவது இதுதான். நீங்கள் ஒரு காட்சிக்கூடத்துக்குள் நுழையும்போது, காட்சிப்படுத்திய விதத்தைத் தனியாகக் கவனிக்கிறீர்களா? அப்படியானால் எதிலிருந்து தொடங்குகிறீர்கள்?

செங்காவி எழுதியது:

நண்பர் கரைவழியின் வருணனையில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அதிலிருந்து அவர் செல்லும் திசையைப் பற்றி எனக்கு ஐயம் உண்டு. ஆஸ்பின்வால் போன்ற கட்டடம் தன்னளவிலேயே மிகவும் அழகானது. சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், உயர்ந்த ஓட்டுக் கூரை, சாளரத்துக்கு வெளியே கப்பல் போகும் நீர்ப்பரப்பு, இவற்றுக்கு நடுவில் எதை வைத்தாலும் அதற்கு ஒரு பழமையும் கனமும் ஏறிவிடுகின்றன. நல்ல படைப்புக்கு அது துணை. வலுவற்ற படைப்புக்கோ அது கடனாகப் பெற்ற வலிமை. பார்வையாளர் வெளியே வரும்போது தன்னை நெகிழ வைத்தது படைப்பா, கட்டடமா என்று பிரித்தறிய முடியாமல் போகிறது. விமர்சகர்கள் இதைக் கேட்பதே இல்லை என்பது என் வருத்தம்.

இதைச் சோதித்துப் பார்க்கக் கொச்சியிலேயே ஒரு வாய்ப்பு இருக்கிறது. எர்ணாகுளத்தில் உள்ள தர்பார் ஹால், முதல் பினாலேவை ஒட்டி அருங்காட்சியகத் தரத்துக்குப் புதுப்பிக்கப்பட்ட வெண்சுவர்க் கூடம். அங்கே பார்த்த ஒரு படைப்பை மனத்துக்குள் ஆஸ்பின்வாலுக்கு மாற்றிப் பாருங்கள். ஆஸ்பின்வாலில் பார்த்த ஒன்றைத் தர்பார் ஹாலுக்கு மாற்றிப் பாருங்கள். எது குறைகிறது, எது அப்படியே நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

உண்மையிலேயே இடம் மாறிய படைப்புகளும் உண்டு. சிறையிலடைக்கப்பட்ட நூறு கவிஞர்களைப் பற்றி ஷில்பா குப்தா செய்த ஒலி நிறுவல், அனிதா துபே க்யூரேட்டராக, அதாவது படைப்புகளைத் தேர்ந்து கண்காட்சியை வடிவமைப்பவராக, இருந்த 2018ஆம் ஆண்டு கொச்சி பினாலேயில் ஆஸ்பின்வாலில் வைக்கப்பட்டது. 2019இல் வெனிஸ் பினாலேயில் ஆர்செனாலே என்னும் பழைய கப்பல் கட்டும் வளாகத்தில் இடம்பெற்றது. 2021இல் லண்டன் பார்பிகன் மையத்தில், வளைந்து செல்லும் ஒரு நீண்ட கூடத்துக்குப் போயிற்று. நூறு இரும்புக் கம்பிகள் தரையிலிருந்து நிற்க, ஒவ்வொன்றின் முனையிலும் கவிதை அச்சிட்ட தாள் ஒன்று குத்தப்பட்டிருக்கும். மேலிருந்து நூறு ஒலிவாங்கிகள் தொங்கும். அவை ஒலியை வாங்குவதற்குப் பதிலாக வெளியிடும்படி மாற்றியமைக்கப்பட்டவை. ஒரு குரல் ஒரு வரியைச் சொல்ல, மற்றவற்றிலிருந்து அது எதிரொலித்து அறை முழுவதும் நகரும்.

இந்தப் படைப்பு தனக்கு வேண்டிய அறையைத் தானே கொண்டுவருகிறது என்பேன். மங்கிய ஒளி, கம்பிகளுக்கு இடையே ஒருவர் மட்டும் செல்லக்கூடிய வழி, அருகே சென்றால்தான் படிக்க முடிகிற தாள் ஆகிய எல்லாம் படைப்பின் அமைப்பிலேயே இருக்கின்றன. எனக்குச் சிறந்த காட்சிப்படுத்தல் என்பது இதுதான். சூரிட்டாவின் படைப்பையும் இந்த வகையில் சேர்க்க நான் தயார். ஆனால் பினாலே முழுவதையும் அப்படிப் பாராட்ட என்னால் முடியாது.

ரசமட்டம் எழுதியது:

கண்காட்சிகளில் படம் மாட்டுவதும் நிறுவல்களைப் பொருத்துவதும் என் தொழில். ஆகவே பார்வையாளரின் பக்கத்திலிருந்து அல்லாமல், சுவரின் பக்கத்திலிருந்து சில செய்திகளைச் சொல்கிறேன்.

பழைய பண்டகசாலையில் வேலை செய்யும்போது முதல் சிக்கல் சுவர்தான். சுண்ணாம்புப் பூச்சு ஆணியைப் பிடித்து நிறுத்தாது. பாரம்பரியக் கட்டடமாக இருந்தால் துளையிடவும் அனுமதி கிடைக்காது. அதனால் பிளைவுட்டிலோ ஜிப்சம் பலகையிலோ சுவருக்கு முன்னால் இன்னொரு சுவர் எழுப்புகிறோம். நீங்கள் அடுத்த முறை செல்லும்போது, படம் மாட்டியிருக்கும் சுவர் கூரை வரை போகிறதா, பாதியில் நிற்கிறதா என்று பாருங்கள். பாதியில் நின்றால் அது கண்காட்சிக்காகப் போட்டது. அது எந்தச் சாளரத்தை மறைக்கிறது, எந்தச் சாளரத்தை விட்டுவைத்திருக்கிறது என்பதில் க்யூரேட்டரின் எண்ணம் தெளிவாகத் தெரியும். கட்டடம் தானாகவே அழகு சேர்க்கிறது என்று நண்பர் செங்காவி சொல்கிறார். அந்த அழகில் எவ்வளவு உள்ளே வரலாம் என்பதை ஒருவர் அமர்ந்து முடிவெடுத்திருக்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உயரத்தைப் பொறுத்தவரை, படத்தின் நடுக்கோடு தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் வரை இருக்கும்படி மாட்டுவது பல கூடங்களில் வழக்கம். நின்று பார்க்கும் பெரியவரின் கண்மட்டத்தைக் கணக்கிட்டு வந்த அளவு அது. சிறுவர்களுக்கும் சக்கர நாற்காலியில் வருவோருக்கும் அது உயரமே. இந்த அளவிலிருந்து ஒரு படம் வேண்டுமென்றே விலகியிருந்தால் நின்று கேள்வி கேளுங்கள். அதற்குக் காரணம் இருக்கும்.

அடுத்தது வெளிச்சம். நீர்வண்ணம், பழைய ஒளிப்படம், கையெழுத்துத் தாள் முதலியவற்றுக்கு 50 லக்ஸ் (ஒளிச்செறிவின் அலகு) அளவுக்கு மேல் ஒளி படாமல் பார்த்துக்கொள்வது அருங்காட்சியக நடைமுறை. எண்ணெய் ஓவியத்துக்குச் சுமார் 200 லக்ஸ் வரை போகலாம். தாளில் செய்த படைப்புகள் உள்ள அறை இருட்டாக இருக்கிறதே என்று பலர் குறைப்படுகிறார்கள். அந்த இருட்டு தாளைக் காப்பதற்காக வைத்தது. ஆனால் வெயிலில் இருந்து நேராக அந்த அறைக்குள் வருகிறவரின் கண் பழகுவதற்கு இடைவழி ஒன்று அமைக்காமல் விட்டால், அது காட்சிப்படுத்தியவரின் பிழையே. நல்ல கூடங்களில் வெளிச்சம் படிப்படியாகக் குறைந்துகொண்டு வரும்.

கடலோரக் கட்டடங்களில் உப்புக்காற்று புரொஜெக்டரையும் இணைப்புகளையும் அரிக்கும். வீடியோவுக்காகச் சாளரத்தைக் கறுப்புத் துணியால் அடைத்தால் வெப்பம் தங்கும். ஒரு வீடியோவின் ஒலி அடுத்த அறையின் அமைதியான படைப்புக்குள் புகுந்துவிடுவது இவற்றைவிடப் பெரிய தொல்லை. பார்வையாளர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஏதோ மனம் ஒன்றவில்லை என்று மட்டும் உணர்ந்து நகர்ந்துவிடுகிறார்கள். அப்படித் தோன்றினால் கண்ணை மூடி ஒரு நிமிடம் காதால் கேளுங்கள்.

நேரம் என்பதும் காட்சிப்படுத்தலின் ஒரு பகுதி என்பதைச் சொல்லியாக வேண்டும். ஷுபிகி ராவ் க்யூரேட்டராகப் பொறுப்பேற்ற கொச்சி பினாலேயின் முதன்மைக் கண்காட்சி 2022 டிசம்பர் 12 அன்று திறக்க வேண்டியது. டிசம்பர் 23க்குத் தள்ளிப்போனது. பொதுவாக எங்கள் தொழிலில் நேரம் சுருங்கும்போது முதலில் பலியாவது விளக்குகளைத் திருப்பிச் சரிசெய்யும் வேலைதான், ஏனென்றால் எல்லாப் பொருள்களும் இடத்தில் அமர்ந்த பிறகே அதைச் செய்ய முடியும்.

வடலி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். நண்பர் கரைவழி குறிப்பிட்ட அதே 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் எங்கள் ஊர்க் கலைஞர் தா. சனாதனனின் 'கேபினட் ஆஃப் ரெசிஸ்டன்ஸ்' வரிசையிலான படைப்பும் இடம்பெற்றது. காட்சிப்படுத்தலைப் பற்றிப் பேசும் இழையில் அதை விட்டுவிட முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நூலகங்களில் கணினி வருவதற்கு முன்பு, நூற்பட்டியல் அட்டைகளை அடுக்கிவைக்கும் சிறு லாச்சிகள் (இழுப்பறைகள்) கொண்ட அலுமாரி இருந்ததல்லவா, அந்த வடிவம்தான் படைப்பு. லாச்சியை இழுத்தால் அட்டைகள் வரிசையாக இருக்கும். போர்க்காலத்தில் மக்கள் வாழ்க்கையைத் தாக்குப்பிடித்த விதங்கள் அவற்றில் பதிவாகியுள்ளன. பொருளாதாரத் தடையின்போது இங்கே மண்ணெண்ணெய் எவ்வளவு அரிதாக இருந்தது என்பதும், ஜாம் போத்தலில் சிறிதளவு எண்ணெய் ஊற்றித் திரி வைத்து அந்த வெளிச்சத்தில் பிள்ளைகள் படித்தார்கள் என்பதும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள் என்பதும் எங்களுக்கு அன்றாட நினைவுகள். வெளியில் இருப்பவர்களுக்கு அவை செய்தித்தாளில்கூட வராதவை.

கதைகளைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கலாம். குரல்பதிவாகக் கேட்கச் செய்திருக்கலாம். அவர் தேர்ந்தெடுத்தது அலுமாரியை. இதனால் நடப்பவை சில. ஒரு லாச்சியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் திறந்து படிக்க முடியும். நாம் அறையில் பலரோடு இருந்தாலும் அந்தக் கதையோடு தனியாக இருக்கிறோம். கூட்டமாகக் கடந்துபோகிறவருக்கு அது மூடிய மரப்பெட்டி மட்டுமே. எல்லா அட்டைகளையும் ஒரே வருகையில் படித்து முடிக்க இயலாது; ஆகவே எதைப் படித்தோம் என்பதைவிட, எத்தனையைத் திறக்காமல் விட்டுவந்தோம் என்ற உணர்வு மேலோங்குகிறது. யாழ்ப்பாணத்தவர் ஒருவர் அந்த அலுமாரியைப் பார்த்தால் 1981இல் எரிக்கப்பட்ட பொது நூலகத்தை நினைக்காமல் இருக்க முடியாது. கலைஞர் அதை விளக்கக் குறிப்பில் எழுதித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. பொருளின் வடிவமே அதைச் சொல்லிவிடுகிறது.

செங்காவி கேட்ட சோதனையை இதற்குப் பொருத்திப் பார்த்தேன். இந்த அலுமாரியை வெள்ளைச் சுவர்க் கூடத்தில் வைத்தாலும் அதற்குக் குறைவில்லை. ஆனால் "தொடாதீர்கள்" என்ற பலகையோடு வைத்தால் அங்கேயே அது செத்துவிடும். ஆகவே கட்டடத்தைக் காட்டிலும், பார்வையாளரின் கைக்கு என்ன அனுமதி இருக்கிறது என்பதை நான் முதலில் கவனிப்பேன். தொடலாமா, திறக்கலாமா, உட்காரலாமா, எடுத்துச்செல்லலாமா என்பவை ஒவ்வொரு அறையிலும் சொல்லாமல் சொல்லப்படும் விதிகள்.

முதற்படி எழுதியது:

பெரியவர்கள் எழுதியதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படிக்கிறேன். எனக்கு ஓர் எளிய ஐயம். சுவரில் உள்ள விளக்கக் குறிப்பை முதலில் படிக்க வேண்டுமா, படைப்பை முதலில் பார்க்க வேண்டுமா? குறிப்பைப் படிக்காமல் பார்த்தால் எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை. படித்துவிட்டுப் பார்த்தால், குறிப்பில் இருந்ததை மட்டுமே பார்க்கிறேன். எங்கள் ஆசிரியர்களில் ஒருவர் ஒன்றைச் சொல்கிறார், மற்றவர் வேறொன்றைச் சொல்கிறார்.

ஏட்டுக்கட்டு எழுதியது:

முதற்படிக்கு: என் பழக்கம், அறைக்குள் நுழைந்ததும் குறிப்பு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டு, அதைப் படிக்காமல் படைப்பிடம் செல்வது. குறிப்பு வாசலிலேயே இருந்தால், தெரிந்துகொண்டு பார்க்கச் சொல்கிறார்கள். படைப்புக்கு அப்பால், வெளியேறும் வழியில் இருந்தால், முதலில் பார்த்துவிட்டு வரச் சொல்கிறார்கள். குறிப்பின் இடமே ஒரு கருத்து. படைப்போடு சிறிது நேரம் இருந்துவிட்டுக் குறிப்பைப் படியுங்கள். பிறகு மறுபடியும் படைப்பிடம் வாருங்கள். இரண்டாவது பார்வையை யாரும் செய்வதில்லை, அதைத்தான் நான் வலியுறுத்துவேன்.

குறிப்பு எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். கலைஞர் ஃபெலிக்ஸ் கொன்சாலஸ்-டோரஸ் 1991இல் செய்த ஒரு படைப்பு சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிடியூட்டில் உள்ளது. வண்ணத் தாளில் சுற்றிய மிட்டாய்கள் அறையின் மூலையில் குவித்து வைக்கப்பட்டிருக்கும். குவியலின் உகந்த எடை 175 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 79 கிலோ. பார்வையாளர் ஒரு மிட்டாயை எடுத்துக்கொள்ளலாம். எடுக்க எடுக்கக் குவியல் குறையும்; அருங்காட்சியகம் மீண்டும் நிரப்பலாம். அது எய்ட்ஸ் நோயால் இறந்த அவருடைய துணைவர் ராஸ் லேகாக்கின் உருவப்படம். ராஸின் பெயர் தலைப்பிலேயே அடைப்புக்குறிக்குள் உண்டு. உடல் மெலிந்து மெலிந்து கரைந்த ஒருவரை நாம் சிறிது சிறிதாகக் கையில் எடுத்துச் செல்கிறோம், வாயில் இட்டுச் சுவைக்கிறோம்.

2022இல் அந்தப் படைப்பின் அருகில் இருந்த குறிப்பில் ராஸின் கதையும் எய்ட்ஸ் பற்றிய செய்தியும் இல்லாமல், எடையும் வடிவமும் பற்றி மட்டுமே எழுதப்பட்டிருந்ததைப் பார்வையாளர்கள் கண்டித்தார்கள். பின்னர் அது திருத்தப்பட்டது. மிட்டாய் அப்படியே இருந்தது, மூலை அப்படியே இருந்தது, விளக்கு அப்படியே இருந்தது. சில வரிகள் போனதும், இரங்கலாக இருந்தது மூலையில் கிடக்கும் இனிப்பாகிவிட்டது. சுவரில் ஒட்டிய ஒரு சிறு அட்டையும் காட்சிப்படுத்தல்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

நம் பக்கத்துக் கண்காட்சிகளில் குறிப்புகள் எழுதப்படும் மொழியைப் பற்றியும் கவலைப்படுகிறேன். கலைக்கல்லூரி ஆய்வேட்டின் நடையில், கடினமான ஆங்கிலத்தில் எழுதி, அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கி ஒட்டுகிறார்கள். வாசிக்கிறவர் தனக்குத்தான் அறிவு போதவில்லை என்று எண்ணி வெட்கத்துடன் நகர்கிறார். எழுத்தின் அளவு, சுவருக்கும் எழுத்துக்கும் உள்ள நிற வேறுபாடு, குனியாமல் படிக்கக்கூடிய உயரம் ஆகியவற்றிலும் அதே அலட்சியம் இருக்கிறது. காவலர் ஒருவரிடம் கேட்டால், பல நேரங்களில் குறிப்பைவிடத் தெளிவாக விளக்குவார். நாள் முழுவதும் அந்தப் படைப்போடு இருப்பவர் அவர்.

கரைவழி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. செங்காவியின் ஐயத்துக்கு விடை சொல்ல முயல்கிறேன்.

கட்டடம் வலிமையைக் கடன் கொடுக்கிறது என்பது உண்மைதான். ஆனால் வெண்சுவர்க் கூடம் எதையும் கொடுப்பதில்லை என்று எண்ணுவது சரியல்ல. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் சலோன் கண்காட்சிகளில் சட்டத்தோடு சட்டம் உரசும்படி, தரையிலிருந்து கூரை வரை படங்களை மாட்டினார்கள். ஒரு படத்துக்கும் மற்றொன்றுக்கும் இடையே அகன்ற வெள்ளை இடைவெளி விடும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில்தான் நிலைபெற்றது. அந்த இடைவெளி, இந்தப் பொருள் தனித்துப் பார்க்கத் தக்கது, விலை மதிப்புள்ளது என்று பார்வையாளரிடம் சொல்கிறது. பண்டகசாலை பழமையைக் கொடுக்கிறது என்றால், வெள்ளைச் சுவர் மதிப்பைக் கொடுக்கிறது. இரண்டையும் ஒரே கண்ணால் ஐயுற வேண்டும்.

வெள்ளைச் சுவரின் இந்த இயல்பை அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோ நன்கு அறிந்திருந்தார். 1961இல் லண்டன் வைட்சேப்பல் கேலரியில் அவருடைய ஓவியங்கள் வைக்கப்பட்டபோது, சுவர் தூய வெள்ளையாக இருக்கக்கூடாது, பழுப்பு கலந்து சிறிது சிவப்பால் சூடேற்றிய நிறமாக இருக்க வேண்டும் என்று குறிப்பு அனுப்பினார். பெரிய படங்களைத் தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேல் உயர்த்தாமல், இயன்றவரை தாழ்வாக மாட்டச் சொன்னார். ரசமட்டம் குறிப்பிட்ட 145 சென்டிமீட்டர் வழக்கத்திலிருந்து வேண்டுமென்றே விலகிய கலைஞர் அவர். தரையை ஒட்டி நிற்கும் அவ்வளவு பெரிய படம், சாளரம்போலத் தோன்றாமல், நுழையக்கூடிய வாயில்போல நிற்கிறது. தூய வெள்ளைச் சுவரில் மாட்டினால் ஓரங்கள் கூர்மையாகி, நிறம் உள்வாங்கி, படம் சுவரிலிருந்து பிரிந்துவிடும். அவருடைய ஓவியத்தின் இயல்பை விளக்க வேண்டுமானால் அந்தச் சுவரின் நிறத்தையும் சொல்லியாக வேண்டும்.

வடலி சொன்ன 'கைக்கு உள்ள அனுமதி' என்பது மிக முக்கியமான கருத்து. என் பட்டியலில் அது இல்லாமல் இருந்தது. லண்டன் டேட் மாடர்னின் டர்பைன் கூடத்தில் 2010 அக்டோபரில் திறந்த, சீனக் கலைஞர் ஐ வெய்வெயின் 'சூரியகாந்தி விதைகள்' அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. சீனாவின் ஜிங்டேஜென் நகரத்தில் சுமார் 1,600 கைவினைஞர்கள் பீங்கானில் செய்து, கையால் வண்ணம் தீட்டிய 10 கோடி விதைகளைக் கூடத்தின் தரையில் கொட்டிப் பரப்பியிருந்தார்கள். மக்கள் அதன்மீது நடக்கலாம், படுக்கலாம், கையில் அள்ளலாம் என்பதுதான் எண்ணம். சில நாள்களிலேயே, காலடியில் எழும்பும் பீங்கான் தூசு உடல்நலத்துக்குக் கேடு என்று சொல்லி, விதைகளின்மீது நடப்பதை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் ஓரத்தில் நின்று, சாம்பல் நிறப் பரப்பு ஒன்றைப் பார்த்தார்கள். கையில் அள்ளியவருக்கு ஒவ்வொரு விதையும் தனித்தனியாகச் செய்யப்பட்டது என்பது விரலில் தெரிந்தது; ஓரத்தில் நின்றவருக்கு அதைக் குறிப்பு சொல்லித் தெரிய வேண்டியதாயிற்று. முதல் ஓரிரு நாள்களில் சென்றவரும் பிறகு சென்றவரும் ஒரே தலைப்பின் கீழ் இரு வேறு படைப்புகளைப் பார்த்தார்கள் என்றே சொல்வேன். ஆகவே கண்காட்சியைப் பற்றி எழுதும் எவரும் தாம் எந்த நாளில், எந்த விதியின் கீழ் பார்த்தார் என்பதைக் குறிப்பிட வேண்டும்.

செங்காவி எழுதியது:

வெள்ளைச் சுவரும் ஏதோ ஒன்றைக் கொடுக்கிறது என்பதை ஏற்கிறேன். என் கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்கிறேன்: ஒரே படைப்பு இடம் மாறும்போது, மாறியதை எப்படி எடைபோடுவது?

சிற்பி அனிஷ் கபூரின் 'டிசென்ஷன்' 2014இல், ஜிதிஷ் கல்லாட் க்யூரேட்டராக இருந்த பதிப்பில், ஆஸ்பின்வாலின் தரைக்குள் அமைக்கப்பட்டது. கருத்த நீர் ஓயாமல் சுழன்று நடுவில் பள்ளமாக இறங்கிக்கொண்டிருக்கும். 2015இல் அதைப் பிரான்சின் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் வைத்தார்கள். 2017இல் நியூயார்க்கின் புரூக்ளின் பாலப் பூங்காவில், ஏறத்தாழ எட்டு மீட்டர் விட்டத்தில், ஆற்றங்கரையில் வைத்தார்கள். கொச்சியில் அது ஓர் அறைக்குள் இருந்தது. நிலையாக இருக்க வேண்டிய தரை வாய் திறந்துவிட்டது என்ற அச்சம் அங்கே இருந்தது. இயந்திரத்தின் முழக்கம் நான்கு சுவர்களுக்குள் அடைபட்டு நெஞ்சில் அதிர்ந்தது. திறந்த வெளியில் வானமும் மரங்களும் இருக்க, அதே சுழல் ஒரு நீர்க்காட்சியின் பக்கம் சாய்ந்துவிடும் என்பது படங்களைப் பார்த்து நான் கொண்ட கருத்து. இங்கே அறை கடன் கொடுக்கவில்லை, உண்மையிலேயே படைப்பை முடித்துவைத்தது. ஆகவே நண்பர் கரைவழியோடு இதுவரை உடன்படுகிறேன்.

ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். சூரிட்டாவின் நீர்நிறைந்த அறையைப் பற்றி நாம் எல்லோரும் உருகி எழுதுகிறோம். சக்கர நாற்காலியில் வந்தவரும், முழங்கால் வலியுள்ள முதியவரும் அந்த நீரில் இறங்கி மறுகோடி வாசகத்தை எப்படிப் படித்திருப்பார்கள்? இந்தப் படைப்பில் நீரை நீக்க முடியாது என்பதை அறிவேன். இருந்தாலும், யாரால் நுழைய முடியவில்லை என்பதையும் காட்சிப்படுத்தலைப் பற்றிய பகுப்பாய்வில் எழுத வேண்டும். பழைய கட்டடங்களின் உயர்ந்த வாசற்படியும் குறுகிய மரப் படிக்கட்டும் படத்தில் அழகாக இருக்கும். மேல்மாடியில் உள்ள வீடியோ அறைக்கு என் தாயாரை அழைத்துச் செல்ல முடிந்ததில்லை.

ஏட்டுக்கட்டு எழுதியது:

சென்னையைப் பற்றியும் ஒரு சொல். 2019ஆம் ஆண்டு சென்னைப் புகைப்பட பினாலேக்குப் புஷ்பமாலா என். க்யூரேட்டராக இருந்தார், பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ் அதன் இடங்களில் ஒன்று. ராபர்ட் சிஸ்ஹோம் வடிவமைத்து 1870களில் எழுந்த மண்டபம் அது. வண்ணக் கண்ணாடியும் தீட்டிய தூண்களும் நிறைந்த இடத்தில் ஒளிப்படத்தை வைப்பது பண்டகசாலையில் வைப்பதைவிடக் கடினம், ஏனென்றால் அங்கே ஒவ்வொரு அங்குலமும் ஏற்கெனவே கண்ணை அழைக்கிறது. செங்காவி சொல்லும் 'கடன்' இங்கே தலைகீழாகிவிடுகிறது. கட்டடம் படைப்பிலிருந்து எடுத்துக்கொள்கிறது. எனினும் பொதுமக்கள் எளிதில் நுழையாத ஒரு மண்டபத்தின் கதவு கலைக்காகத் திறந்ததே பெரிய செய்தி என்பது என் எண்ணம்.

முதற்படி எழுதியது:

மிக்க நன்றி. அடுத்த பினாலேவுக்குக் கல்லூரியிலிருந்து அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். குறிப்பேட்டில் என்னென்ன எழுத வேண்டும் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

ரசமட்டம் எழுதியது:

தம்பியோ தங்கையோ, எல்லாவற்றையும் எழுத முயல வேண்டாம். பல இடங்களில் பரவிக்கிடக்கும் கண்காட்சியில் அது இயலாது. முதலில் ஒரு சுற்று வேகமாக வாருங்கள். நிற்க வைத்த அறை ஒன்றை மட்டும் தேர்ந்துகொண்டு அதற்குத் திரும்புங்கள். அங்கே முதலில் தரைப்படம் வரையுங்கள். கோடு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. வாசல் எங்கே, படைப்பு எங்கே, குறிப்பு எங்கே, நாற்காலி எங்கே, விளக்கு எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, பக்கத்து அறையின் ஒலி எவ்வளவு கேட்கிறது என்பவை அதில் இருக்கட்டும். பிறகு உங்களை விட்டுவிட்டு மற்றவர்களைக் கவனியுங்கள். உள்ளே வருகிறவர்கள் எந்த இடத்தில் கால் தயங்குகிறார்கள், எங்கே கைபேசியை எடுக்கிறார்கள், எந்தப் படத்தைப் பார்க்காமலே கடக்கிறார்கள் என்பதை அந்தத் தரைப்படத்தின்மீதே அம்புக்குறியாகப் போடுங்கள். நாங்கள் ஒரு கூடத்தை அமைத்து முடித்த பிறகு செய்வதும் அதுதான். அம்புகள் எல்லாம் ஒரு மூலையைத் தவிர்த்தால், அந்த மூலையில் விளக்கையோ படத்தையோ மாற்றுவோம்.

நீங்கள் எடுக்கும் படங்களில், படைப்பை மட்டும் வெட்டி எடுக்காமல், தரையும் கூரையும் தெரியும்படி வாசலிலிருந்து ஒரு படமாவது எடுங்கள். தர்பார் ஹாலும் அந்தப் பதிப்பின் இடங்களில் ஒன்றாக இருந்தால், காலையில் அதை முதலில் பார்த்துவிட்டு, எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் படகு ஏறுங்கள். வெள்ளைச் சுவர்க் கூடம் கண்ணில் இருக்கும்போதே பண்டகசாலைக்குள் நுழைந்தால், செங்காவியும் கரைவழியும் இங்கே விவாதித்ததை நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். திரும்பி வந்ததும் அந்தத் தரைப்படத்தை இந்த இழையில் பதியுங்கள். அதை வைத்து மேலே பேசலாம்.